இடது முன்கம்பம், மூன்றாவது தோள்

லொரெய்ன், ஒஹாயோ
7 பிப்ரவரி 1971

அன்புள்ள நெல்லோ அண்ணாவுக்கு,

மினா எழுதுகிறேன். இங்கே நானும் எஃப்ரைனும் சுகம். ஏரிக்காற்று எலும்பைக் குடைகிறது, மற்றபடி குறை இல்லை. உன் கால் வீக்கம் வடிந்ததா? பகல் முழுக்க நின்று ஊரார் தலையைச் சிரைக்கிறாய், வீட்டுக்கு வந்தாலாவது காலைத் தூக்கிவைத்து உட்கார். நுன்சியா அண்ணிக்கும் உன் பிள்ளை ஜெரார்டுக்கும் என் அன்பு.

தொலைபேசியில் கூப்பிடாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். உங்கள் தொலைபேசி சமையலறைச் சுவரில் இருக்கிறது. நீ பேசும்போது அண்ணி பக்கத்தில் நின்று தலையாட்டுவாள், நீ அவள் தலையைப் பார்த்துப் பதில் சொல்வாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

அப்பாவை அடக்கம் செய்து ஐந்து வாரமாகிறது. அடக்கத்துக்கு வந்த என் பிள்ளை ஃபீலிக்ஸ் ப்ரூக்ளினிலேயே தங்கிவிட்டான். ஆற்றங்கரைச் சர்க்கரை ஆலையில் வேலை கிடைத்ததாம், தெற்குப் பக்கத்தில் எஃப்ரைனின் அக்கா வீட்டில் சாப்பாடு. உன் வீட்டிலிருந்து பத்துத் தெரு. அவன் கடிதம் எழுதுகிற ஜாதி இல்லை. நீதான் எனக்கு அவனைப் பற்றி எழுத வேண்டும்.

இன்னொன்று. கடைசி நாளில் அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கம்பத்துல என் எடம் இவனுக்கு" என்றார். நீயும் அங்கேதான் நின்றாய். இடது முன்கம்பம், மூன்றாவது தோள். நாற்பத்தோரு வருடம் ஒவ்வொரு ஜூலைத் திருவிழாவிலும் அப்பா அங்கே நின்று புனிதரின் கோபுரம் தூக்கினார். அடக்கத்துக்கு ஃபீலிக்ஸிடம் கோட்டு இல்லையென்று அப்பாவின் கறுப்புக் கோட்டை எடுத்துக் கொடுத்தேனே, பார்த்தாயா? ஒரு தையல்கூடப் பிரிக்கவில்லை. இடது தோளில் மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. கம்பம் அழுத்தி அழுத்தி அப்பாவுக்கு அங்கே எலுமிச்சம்பழம் அளவு கட்டி இருந்ததல்லவா, அதற்காகத் தையல்காரர் விட்ட இடம். இவனுக்கும் அங்கே கட்டி வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

விழாச் சங்கத்தில் அவன் பெயரைக் கொடுத்துவிட்டு எழுது.

உன் தங்கை,
மினா

ப்ரூக்ளின்
1 மார்ச் 1971

அன்பான மினாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் எல்லோரும் நலம். என் கால் வீக்கம் என்னோடுதான் சாகும். நுன்சியா உனக்கு அன்பு சொல்லச் சொன்னாள். பக்கத்தில் நின்று சொல்லவில்லை, அடுத்த அறையிலிருந்து கத்தினாள்.

ஒரு சேதி சொல்கிறேன், உட்கார்ந்துகொண்டு படி. இந்த வருடம் நான்தான் காப்போ, தூக்குகிறவர்களுக்கெல்லாம் தலைவன்! பத்தொன்பது வருடம் வரிசையில் நின்றேன். தோரணம் கட்டினேன், டிக்கெட் விற்றேன், கிழவர்களுக்கு இனாமாக முடிவெட்டினேன். இந்த ஜூலையில் எண்பதடிக் கோபுரம், அதன் அடியில் நூற்றிருபது ஆண்கள், மேடையில் பாண்டு வாத்தியம், எதிரே கையில் பிரம்புடன் உன் அண்ணன். நான் பிரம்பைத் தூக்கினால் கோபுரம் எழும், தட்டினால் இறங்கும். அப்பா இன்னும் ஆறு மாதம் இருந்திருக்கலாம். இதை நினைத்துக் கடையில் சவரக் கத்தியோடு அழுதுவிட்டேன், நாற்காலியில் இருந்தவன் பயந்துபோனான்.

ஃபீலிக்ஸ் நன்றாக இருக்கிறான். ஒருநாள் கடைப் பக்கம் வந்தான். இடம் விஷயம் பார்க்கலாம். இன்னும் நாள் இருக்கிறது.

உன் வீட்டுக்காரரைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்,
அனியெல்லோ

லொரெய்ன்
14 மார்ச் 1971

அன்புள்ள காப்போ அவர்களுக்கு,

இனிமேல் உன்னை அண்ணா என்று கூப்பிடலாமா, இல்லை மண்டியிட வேண்டுமா? இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதத்தைப் படித்து எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து வீட்டு ஹங்கேரிக்காரியிடம் போய்ச் சொன்னேன். "அது பெரிய வேலையா? சம்பளம் உண்டா?" என்று கேட்டாள். இவர்களுக்கு என்ன தெரியும்!

எஃப்ரைனும் சந்தோஷப்பட்டார். அவருக்குப் பெயர் இருக்கிறது அண்ணா. இருபத்திரண்டு வருடமாக "உன் வீட்டுக்காரர்" என்றே எழுதுகிறாய். மை ஒன்றும் தீர்ந்துவிடாது.

நீயே காப்போ என்றால் இனி யாரைக் கேட்க வேண்டும்? பட்டியல் எழுதுகிறவன் நீ. ஃபீலிக்ஸுக்கு நான் எழுதிவிட்டேன், மாமா கூப்பிடுகிற அன்றைக்கு வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் போ என்று. அவன் பதிலுக்கு ஒரு தபால் அட்டையில் "சரிம்மா" என்று மட்டும் எழுதியிருக்கிறான். அதில் இரண்டு எழுத்து அழிந்திருக்கிறது.

தோளுக்கு வைக்கும் துணிப்பட்டையை நானே தைத்து அனுப்புகிறேன்.

மினா

ப்ரூக்ளின்
3 மே 1971

அன்புள்ள மினாவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது, கோபிக்காதே. ஈஸ்டர் வந்தது, கடையில் கூட்டம், பிறகு நுன்சியாவுக்குப் பல்வலி. நீ அனுப்பிய துணிப்பட்டை வந்து சேர்ந்தது. தையல் அருமை.

போன ஞாயிறு சங்கத்தில் தோள் அளவு எடுத்தோம். உனக்குத் தெரியாததா? ஒரு கம்பத்தடியில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் தோள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒருவன் விரற்கடை உயர்ந்தால் பாரமெல்லாம் அவன்மேல், ஒருவன் தாழ்ந்தால் அவன் சும்மா நடந்துவருகிறான். ஃபீலிக்ஸ் வந்தான், அதுவும் தாமதமாக. சுவரில் சாக்குக்கட்டிக் கோடு போட்டிருந்தோம். பையன் இரண்டு விரல் குட்டை. என்ன செய்வது? அளவு அளவுதான். காப்போவின் தங்கை மகன் என்று கோட்டை இறக்கிப் போட முடியுமா? அவனும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போனான்.

வேறு கம்பத்தில் இடம் விழுந்தால் பார்க்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
அனியெல்லோ

லொரெய்ன்
12 மே 1971

அண்ணா,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், நீ சுகமா?

யார் காதில் பூச்சுற்றுகிறாய்? அப்பாவின் கோட்டு அவன்மேல் ஊசி நூல் தொடாமல் உட்கார்ந்தது. கால்சட்டையின் விளிம்புகூட மடிக்கவில்லை. நான்கு மாதத்தில் என் பிள்ளை இரண்டு விரல் தேய்ந்துவிட்டானா? சர்க்கரை மூட்டை சுமந்து உள்ளே போய்விட்டானா?

ராணுவம் அவனை அளந்து பார்த்துத்தான் எடுத்தது. இரண்டு வருடம் காட்டிலும் சேற்றிலும் முதுகில் என்னென்னவோ சுமந்தான். அங்கே அவன் உயரம் போதுமானதாக இருந்தது.

உன் மகனுக்கு உன் மாமனார் பெயரை வைத்தாய், அண்ணி கேட்டாள் என்று. நம் வழக்கப்படி அப்பாவின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தது நான்தான். ஃபெலிச்சே என்பதை எஃப்ரைன் வீட்டார் தங்கள் பாஷையில் ஃபீலிக்ஸ் என்றார்கள், அவ்வளவே. எஃப்ரைன் தன் அப்பாவின் பெயரை விட்டுக்கொடுத்தார். அவர் வீட்டில் அதற்காக அவரோடு ஒரு வருடம் பேசவில்லை, அது உனக்குத் தெரியுமா? தெரியாது. நீயும் அந்த வருடம் பேசவில்லை.

உயரம் இல்லை என்றால் வேறென்ன? வாயைத் திறந்து சொல். எழுத்தில் சொல். அண்ணி பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துச் சொல்.

மினா

ப்ரூக்ளின்
10 ஜூன் 1971

அன்பான என் தங்கைக்கு,

நீயும் வீட்டில் உள்ளவர்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உன் கடிதத்தைப் பத்து முறை படித்தேன். உன்னை நோகடிக்கக் கூடாது என்றுதான் உயரம் அது இது என்று மழுப்பினேன். இப்போது உள்ளதைச் சொல்கிறேன்.

சங்கத்தில் வாக்கெடுப்பு நடந்தது. நான் எழுந்து நின்று பேசினேன். "என் அப்பா செத்த படுக்கையில சொன்ன வார்த்தைடா இது, அவன் எங்க ரத்தம்டா" என்று மேசையை அடித்ததில் கை வீங்கிவிட்டது. கேட்டால்தானே? "மால்டொனாடோன்னு அப்பன் பேரோட ஒருத்தன் கம்பத்துல நின்னா நாங்க நாப்பது பேரு தோளை எடுத்துடுவோம்" என்கிறார்கள். நாற்பது தோள் போனால் கோபுரம் எழும்பாது மினா. நான் காப்போவாக நிற்கிற ஒரே வருடம், ஊர் முன்னால் கோபுரம் தரையில் நின்றால் என் கதி என்ன? அப்பாவுக்குத்தான் அது அழகா?

இது என் மனசு இல்லை. ஆட்கள் அப்படி. உன் வீட்டுக்காரரின் ஆட்கள் வந்து குடியேறியதிலிருந்து தெற்குப் பக்கம் முன்போல் இல்லை, ராத்திரி பகல் பாட்டு, தெருவில் டொமினோ மேசை, ஆளுக்கொரு பேச்சு. நம் ஆட்களும் வெறுத்துப்போயிருக்கிறார்கள். நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?

அப்பாவின் இடத்தில் ஜெரார்ட் நிற்கிறான். இடம் குடும்பத்திலேயே இருக்கிறது, அதை நினைத்து ஆறுதல் கொள். உன் துணிப்பட்டையை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

உன் அண்ணன்,
நெல்லோ

லொரெய்ன்
20 ஜூன் 1971

அண்ணா,

சுகம்.

நாற்பது பேர் என்றாய். அவர்களில் போலந்துக்காரன் ஸ்டாஷும் உண்டா? கறிக்கடை ஸ்டாஷ் ஆறு வருடமாக அப்பாவுக்குப் பின்னால் கம்பம் தூக்குகிறான். அவன் தாத்தா எந்த ஊர் கோவிலில் கோபுரம் தூக்கினார்? மேடையில் கிளாரினெட் ஊதுகிறவர் யூதர், பெருவிழா முடிந்தால் சனிக்கிழமை தொழுகைக்குப் போகிறவர். அவருக்குக் கைதட்டுகிறீர்கள். என் பிள்ளைக்கு மட்டும் தோள் எடுத்துவிடுவார்களா?

நீங்கள் தூக்குவது யாருடைய கோபுரம் என்றாவது நினைவிருக்கிறதா? ஒரு விதவையின் மகனை மீட்கத் தன்னையே அடிமையாகக் கொடுத்துக்கொண்டு கப்பலேறிய புனிதருக்கான கோபுரம் அது. யாரோ ஒருத்தியின் பிள்ளைக்காக. சொந்தத் தங்கை பிள்ளைக்கு அதனடியில் ஒரு சாண் இடமில்லை.

ஜெரார்ட் நல்ல பையன், அவன்மேல் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அவன் ஸ்டூல் போடாமல் பல்பு மாட்டுகிறவன் அண்ணா. அவனை மூன்றாவது தோளாக நிறுத்தியிருக்கிறாயே, சாக்குக்கட்டிக் கோடு அன்றைக்கு எங்கே போனது?

நான் விழாவுக்கு வரவில்லை. ஃபீலிக்ஸுக்கும் போகாதே என்று எழுதினேன். "பார்க்க மட்டும் போறேன்" என்கிறான். பார்க்கவாவது வாக்கெடுப்பு இல்லையே?

மினா

ப்ரூக்ளின்
20 ஜூலை 1971

அன்புள்ள மினாவுக்கு,

சுகம்தானே? நீ வந்திருக்க வேண்டும். இப்படி ஒரு தூக்கை இந்தத் தெரு பார்த்ததில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

காலையில் பாண்டு வாத்தியம் வீட்டுக்கே வந்து என்னைக் கூட்டிப்போனது. நுன்சியா பச்சைப் பட்டில் வந்தாள், அழுது அழுது கண்மை கன்னமெல்லாம். நான் வெள்ளைக் கோட்டு, வைக்கோல் தொப்பி, கையில் வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு. "பசங்களா, தோள் குடுங்க!" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவ்வளவு சத்தம். நூற்றிருபது பேரும் ஒரே மூச்சில் எழுந்தார்கள். எண்பதடிக் கோபுரம் என்னை நோக்கி ஆடிக்கொண்டே வருகிறது. உச்சியில் புனிதர். மாடியிலிருந்து பெண்கள் பூப்போடுகிறார்கள். அந்த நிமிடம் செத்திருந்தாலும் கவலையில்லை.

மூன்றாவது தூக்கில் ஒருமுறை பாதி வழியில் இறக்க வேண்டியதாயிற்று. ஜெரார்டின் தோளெலும்பு விலகி, காறை எலும்பும் விரிசல். பையன் அவசரப்பட்டான். இப்போது கையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். டாக்டர் என்னென்னவோ சொல்கிறார், அதெல்லாம் சரியாகிவிடும்.

ஃபீலிக்ஸைக் கூட்டத்தில் பார்த்த ஞாபகம். பேச நேரமில்லை.

அண்ணன்,
அனியெல்லோ

ப்ரூக்ளின்
8 ஆகஸ்ட் 1971

அன்புள்ள மினா அத்தைக்கு,

வணக்கம். நீங்களும் மாமாவும் நலமா? எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள், இடது கையால் எழுதுகிறேன். அப்பாவுக்கு இது தெரியாது.

ஃபீலிக்ஸ் உங்களிடம் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டான். சொல்ல வேண்டாம் என்று என்னிடமும் கேட்டுக்கொண்டான். நான் சரி என்றேன், ஆனால் ஒரு மாதமாகத் தூக்கம் வரவில்லை.

அத்தை, வாக்கெடுப்பு என்று ஒன்று நடக்கவே இல்லை. பட்டியல் மார்ச் முதல் வாரமே சங்கத்துச் சுவரில் இருந்தது, அப்பாவின் கையெழுத்தில். இடது முன்கம்பம், மூன்றாவது: ஜெரார்ட் பெலூசோ. யாரும் ஃபீலிக்ஸைப் பற்றிக் கேட்கவில்லை, அப்பா அவன் பெயரைச் சொன்னால்தானே கேட்பார்கள்? அளவு எடுத்த அன்று அவன் எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டான். கோட்டடியில் நின்றான். ஸ்டாஷ் சிரித்துக்கொண்டே, "யோவ் நெல்லோ, கெழவரே எழுந்து வந்த மாதிரி இருக்குய்யா!" என்றார். சரியாகக் கோட்டில் இருந்தான் அத்தை, மயிரிழை பிசகில்லை. அப்பா, "இந்த வருஷம் பட்டியல் முடிஞ்சுபோச்சு தம்பி" என்று சொல்லி, விருந்தாளிக்குக் கொடுக்கிற மாதிரி அவனுக்குச் சாசரோடு காப்பி கொடுத்தார். சங்கத்தில் யாரும் சாசரில் குடிப்பதில்லை. அவன் குடித்துவிட்டு, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனான்.

பிறகு நான் கோட்டடியில் நின்றேன். என் தோள் கோட்டுக்கு மூன்று விரல் மேலே. "முழங்காலை மடக்கிக்கோ" என்றார் அப்பா.

விழாவன்று மூன்றாவது தூக்கில், முனை திரும்புகிறபோது, என் தோளில் ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. நான் கத்தினேன். மாற்றாட்கள் எல்லோரும் வலதுபக்கம் நின்றார்கள். கயிற்றைத் தாண்டி யாரோ உள்ளே வந்து, "குனி, வெளிய போ, நான் புடிச்சுக்கிறேன்" என்று என்னை இடுப்பைப் பிடித்து வெளியே தள்ளினான். நிமிர்ந்து பார்த்தால் ஃபீலிக்ஸ். தோளில் துண்டுகூட இல்லை, வெறும் சட்டை.

கோபுரம் நிற்கவில்லை அத்தை. நேராயிற்று. என்னால் அது சாய்ந்து சாய்ந்து போயிருக்கிறது, அவன் நின்றதும் நிமிர்ந்துவிட்டது. பின்னாலிருந்து "அப்படிப் போடு!" என்று கத்துகிறார்கள். மாடியிலிருந்து பாட்டிமார் அவன்மேல் பூப்போடுகிறார்கள். அப்பா அவனைப் பார்த்தார். நான் தரையில் உட்கார்ந்து அப்பாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்துப் பன்னிரண்டு அடி பின்னோக்கியே நடந்தார், பார்த்துக்கொண்டே. பிறகு பிரம்பைத் தரையில் அடித்து, "எறக்கு!" என்றார்.

நடுத்தெருவில், ரொட்டிக்கடை வாசலில் கோபுரம் இறங்கியது. பாண்டு நின்றுவிட்டது. எல்லோரும் முழித்தார்கள். ஸ்டாஷ்தான் கேட்டார், "ஏன்யா எறக்கினே? நல்லாத்தானே போச்சு?"

"வெளியாளு உள்ள வந்துட்டான், தெரியல?" என்றார் அப்பா. ஒலிபெருக்கி கையில் இருந்ததை மறந்துவிட்டார். தெரு முழுக்கக் கேட்டது.

ஃபீலிக்ஸ் கம்பத்தடியிலிருந்து வெளியே வந்தான். என்னைத் தூக்கி நிறுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். ஐந்து மணி நேரம் கூடவே உட்கார்ந்திருந்தான். அவன் தோளில் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டியிருந்தது. அதை நர்ஸிடம் காட்டவில்லை. என்னைச் சிரிக்கவைக்க ராணுவத்துக் கதையெல்லாம் சொன்னான். அப்பா கடைசித் தூக்கு முடிந்து வெள்ளைக் கோட்டோடு வந்தார். அவர் வருவதைப் பார்த்ததும், "சரி ஜெர்ரி, ஒன் ஆளு வந்தாச்சு" என்று எழுந்து போய்விட்டான்.

அப்பா கெட்டவர் இல்லை என்று சொல்லத்தான் இந்தப் பத்தியைத் தொடங்கினேன். கடை நாற்காலியில் உட்காருகிறவர்கள் தெற்குப் பக்கத்து ஆட்களைப் பற்றி என்னென்னவோ சொல்வார்கள், அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். சில சமயம் அவரே தொடங்குவார். இத்தனை வருடம் சிரித்துவிட்டு இப்போது எப்படி என்று பயந்துவிட்டார். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே பயந்துவிட்டார். ஆனால் அத்தை, ஒருத்தரும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள், "அந்தப் பையன் யாரு, அடுத்த வருஷம் வருவானா?" என்று.

என் தோள் இனி பாரம் தாங்காதாம். உங்கள் துணிப்பட்டையில் ரத்தம் பட்டுவிட்டது, துவைத்தும் போகவில்லை. மன்னியுங்கள்.

உங்கள் மருமகன்,
ஜெரார்ட்

ப்ரூக்ளின்
10 அக்டோபர் 1971

அன்பான மினாவுக்கு,

நான் எழுதி இரண்டரை மாதமாகியும் உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா? எஃப்ரைன் நலமா? பார், பெயரை எழுதிவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். ஜெரார்டின் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். ஆனால் அவன் இனி கம்பம் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

உனக்கு ஒரு நல்ல சேதி. கோடை முழுக்கச் சங்கத்தாரோடு சண்டை போட்டேன். தூங்கவில்லை, சாப்பிடவில்லை. "என் தங்கச்சிக்கு நான் என்னடா பதில் சொல்றது?" என்று ஒவ்வொருவன் சட்டையையும் பிடிக்காத குறை. கடைசியில் இறங்கிவந்தார்கள். அடுத்த ஜூலையில் அப்பாவின் இடம் ஃபீலிக்ஸுக்கு! வைரத்தைத் தங்கத்தில் பதித்தாற்போல் இருக்கும். அவன் தூக்குகிற அழகைச் சிலர் பார்த்திருக்கிறார்கள் போலிருக்கிறது, அதுவும் உதவியது.

இந்த மாதக் கடைசிக்குள் பெயர் தர வேண்டும். இல்லாவிட்டால் இடம் வேறு குடும்பத்துக்குப் போய்விடும். நாற்பத்தோரு வருடத்து இடம், யோசித்துப் பார்.

சின்ன விஷயம் ஒன்று. பட்டியலில் ஃபெலிச்சே பெலூசோ என்று போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அப்பாவின் பெயர்தானே, அவனுக்கும் பெருமை. படிக்கிறவர்களுக்கும் சுலபம். யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

அவனிடம் நீயே சொல்லிவிடு. என் கடைப்பக்கம் அவன் வருவதில்லை.

உன் பாசமுள்ள அண்ணன்,
நெல்லோ

லொரெய்ன்
2 நவம்பர் 1971

மதிப்புக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

நாங்கள் நலம். நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இன்று இறந்தோர் நாள். அப்பாவின் கல்லறைக்குப் போயிருப்பீர்கள்.

நீங்கள் பெயர் கேட்ட தேதி கடந்துவிட்டது. வேண்டுமென்றேதான் கடத்தினேன்.

வாக்கெடுப்பு நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சுவரில் இருந்த பட்டியல் தெரியும். நடுத்தெருவில் நீங்கள் என் பிள்ளையைச் சொன்ன சொல்லும் தெரியும். கோடை முழுக்க நீங்கள் போட்ட சண்டையைப் படித்துவிட்டு எஃப்ரைன் கேட்டார், "இவரு யாரோட சண்டை போட்டாரு, கண்ணாடியோடவா?" என்று. அவர் தொடக்கத்திலேயே சொன்னார், "பாரம் சுமக்கிறதுக்குப் போயி ஏன் கெஞ்சணும் மினா?" என்று. நான் கேட்கவில்லை.

போன வாரம் ஃபீலிக்ஸ் வந்திருந்தான். உங்கள் கடிதத்தை அவனிடம் கொடுத்தேன். பெயர் மாற்றுகிற இடம் வந்ததும், கத்துவான் என்று நினைத்தேன். மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தான்.

"அம்மா, நான் அந்த எடத்தைக் கேட்கவே இல்ல. நீ கேட்டே, அதனால போனேன். அளவுக்கும் நீ சொன்னதாலதான் போனேன். அன்னைக்குக் கயித்தைத் தாண்டினது தாத்தா எடத்துக்காக இல்ல. ஜெர்ரி கத்தினான். அவன் இல்லாம வேற எவனா இருந்தாலும் போயிருப்பேன்."

அவ்வளவுதான் சொன்னான். பிறகு அவன் அப்பாவோடு காரைப் பழுதுபார்க்கப் போய்விட்டான்.

நான் சமையலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் சொன்னது உண்மை. இருபத்திரண்டு வருடமாக அந்தத் தெரு என்னைப் பார்த்த பார்வைக்கெல்லாம் பதிலாக, என் பிள்ளையை அந்தக் கம்பத்தடியில் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டது நான். அவன் தோளைக் கொண்டு என் கணக்கைத் தீர்க்கப் பார்த்தேன். சாசர் காப்பியை அவன் குடித்தது எனக்காக. அதற்கு நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடும்மா" என்றான். எனக்குத்தான் விட முடியவில்லை.

நீங்கள் செய்தது வேறு. அவன் தூக்கினபோது கோபுரம் நேராகப் போனதை நீங்கள் பார்த்தீர்கள். பன்னிரண்டு அடி பார்த்தீர்கள். அந்தப் பன்னிரண்டு அடியும் அப்பாவின் இடத்தில் அப்பாவின் பேரன் இருந்தான், எதிரே காப்போவாக அப்பாவின் மகன் நீங்கள் இருந்தீர்கள். அப்பா ஆயுள் முழுக்க அதைவிட வேறொன்றும் கேட்டிருக்க மாட்டார். நீங்கள்தான் இறக்கச் சொன்னீர்கள். ஊர் இல்லை, நாற்பது பேர் இல்லை. பிரம்பு உங்கள் கையில் இருந்தது.

ஃபெலிச்சே பெலூசோ செத்துப்போனார். அந்தப் பெயரில் இன்னொருவர் இல்லை. அந்த இடத்தை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

அண்ணிக்கு என் விசாரிப்பு. ஜெரார்டின் தோள் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை. அவனே எனக்கு எழுதுகிறான்.

இப்படிக்கு,
பிலோமினா மால்டொனாடோ